பேஜில் வராத தடை

வெள்ளிக்கிழமை, ஆடி முதல் வாரம்

முதலாளியைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் குற்றாலம் லாட்ஜின் வெப்சைட்டில் ஒவ்வொரு அருவிக்கும் ஒரு பதிவு உண்டு. வெள்ளம் வந்து போலீஸ் குளிக்க விடாத நாளில் அதன் நிலையை ‘தடை’ என்று மாற்றுவேன். அது பேஜில் சிவப்பாகத் தெரிய வேண்டும். ஆனால் பதிவுகளை எடுத்துவர நான் எழுதிய குவரி, ‘பப்ளிஷ்’ என்ற நிலையில் இருப்பதை மட்டும்தான் கேட்கிறது. நானாகச் சேர்த்த ‘தடை’ என்ற நிலையைக் கேட்பதே இல்லை. தடை போட்டதும் அந்த அருவியே பேஜில் காணாமல் போய்விடுகிறது.

ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும் என்று காலையில் முதலாளியிடம் சொன்னேன்.

“ஏலே, சும்மா கெடக்கட்டும். தடைன்னு தெரிஞ்சா எவன் ரூம் போடுவான்?”

மதியம் சிவகிரிக்காரர் ஒருவர் மனைவியோடு ஆபீசுக்கு வந்தார். ரூமிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனவரைப் போலீஸ் திருப்பி அனுப்பியிருக்கிறது. இடுப்பில் துண்டு. காதோரம் எண்ணெய் வழிந்தது.

“பேஜில தடைன்னு ஒண்ணும் போடலியே அண்ணாச்சி” என்றார் மனைவி.

“தண்ணி விழுதுன்னு போட்டிருக்கோமா? ரூம்ல குழா இருக்குல்லா, அங்கன குளிங்க” என்றார் முதலாளி. “அந்தச் சேர்ல உக்காந்துராதிய, எண்ணெ ஒட்டிக்கிடும்.”

சிவகிரிக்காரர் நின்றபடியே என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நாளைக்காவது குளிக்க விடுவாவளா?”

குவரியில் அந்த ஒரு வரியை எழுதி, சேமிக்காமல் வைத்திருந்தேன். முதலாளி என்னையே பார்த்தார். வரியை அழித்தேன்.

“பேஜைப் பாத்துக்கிட்டே இருங்க அண்ணாச்சி” என்றேன்.

“நல்லா இருப்பிய தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.