வலது காலுக்கு வைத்த ஒத்தடம்

கீழப்பழுவூர்
8.2.2004

அன்பு மகன் பழனிவேலுக்கு அம்மா எழுதுவது. குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நடராசன் மாமா மகன் நாளைக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கோபத்தில் பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி.

அப்பாவுக்கு வலது காலில் இரண்டு விரலை எடுத்தும் புண் ஆறவில்லை, கறுப்பு கணுக்காலுக்கு ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், வெள்ளிக்கிழமையைத் தாண்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று அரியலூர் டாக்டர் சொல்லிவிட்டார். இவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். காலு போனப்புறம் நான் யாருடி, எவன் என்னை ராசாங்கம்னு கூப்புடுவான் என்கிறார். அந்தக் காலுக்காகத்தானே சைக்கிள் கம்பெனிக்காரர்கள் மாசச் சம்பளம் கொடுத்துப் பந்தயத்துக்கு வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஓட்டுகிற பந்தயத்தில் மூன்று வருஷம் இவர்தான் முதல். பெரம்பலூரைக் கடக்கும்போது பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு டிரைவரும் கண்டக்டரும் இறங்கிக் கைதட்டினார்கள், நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். ஓட்டுவதை விட்டுப் பதினெட்டு வருஷமாகியும் சலூன்காரர் இவரிடம் காசு வாங்கியதில்லை. ஆஸ்பத்திரிக்கும் முதல் வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு ஊரே வந்தது. காலை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு ஒருத்தரையும் காணோம்.

எல்லாம் காணும் பொங்கல் பந்தயத்தால் வந்த வினை. இளைஞர் மன்றத்து மதுரைவீரன் நோட்டீசில் அப்பா படத்தைப் போட்டுக் கொண்டுவந்து, அரியலூர் வரைக்கும் வேணாங்க, முதல் ஒரு மைலு மட்டும் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க போதும் என்றான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா. பிறகு நடந்ததை அப்பா உன்னிடம் போனில் சொன்னார், நானே ஒத்தடம் வச்சுக்கிட்டேன், சுட்டுருச்சு என்று. சர்க்கரை வந்தவருக்குப் புத்தி வேணாமா, ஊரு கைதட்டுறதுக்குக் காலைப் பொசுக்கிக்குவீங்களா என்று நீ கத்திவிட்டு வைத்தாய். பன்னிரண்டு நாளாகிறது, நீ கூப்பிடவில்லை.

அவர் சொன்னது பொய்யப்பா. ஒத்தடம் வைத்தது நான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, தொடையிலிருந்து உள்ளங்கால் வரை நான்தான் ஒத்தி எடுப்பேன், வேறு யாரையும் தொடவிட மாட்டார். அதே நினைப்பில் அன்று காலையிலும் வறுத்தேன். சூடு போதுங்களா என்று கேட்டேன், ஒண்ணும் தெரியல, இன்னும் வையி என்றார். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருவில் நடந்து வருகிற மனுஷனுக்குச் சூடு எப்படித் தெரியும் என்று இந்த மடச்சிக்கு உறைக்கவில்லை. மூட்டையை உள்ளங்காலில் வைத்துக் கட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். ஒரு மைலும் ஓட்டினார், விசில் பறந்தது. வீட்டுக்கு வந்து நான் காலுறையைக் கழற்றினேன், தோலும் சேர்ந்து வந்தது. நான் அழுதபோது என் வாயைப் பொத்தி, யாரு கேட்டாலும் நானே வச்சுக்கிட்டதுதான், வாயைத் திறந்தே பாரு என்று மிரட்டினார். நீ திட்டியபோதும் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

திட்டுவதென்றால் என்னைத் திட்டு. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அவரைக் கூப்பிடு, மதுரைவீரன் செல்போன் நம்பர் பின்பக்கம் இருக்கிறது, அவன் ஒருத்தன்தான் இன்னும் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். நான் எழுதியதைச் சொல்லிவிடாதே. கையெழுத்துப் போடச் சொல்லி டாக்டர், நான், எல்லாரும் கேட்டாயிற்று. பழனி பேசுனானா என்று மட்டும் தினம் கேட்கிறார்.

நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. ஜானகி