எதிர்ச்சரிவில் நீலக் கம்பளி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நின்றபடி படிக்காதே, எங்காவது உட்கார். அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. வெள்ளம் பாலத்தையும் போன் கோபுரத்தையும் சாய்த்துவிட்டதால் உனக்கு உடனே சொல்ல வழியில்லை. மேல்மலை ஆட்டுக்காரர்கள்தான் இந்தக் கடிதத்தைக் கணவாய் தாண்டி எடுத்துப் போகிறார்கள். நீ இல்லாமலே எல்லாம் முடித்துவிட்டோம். என்மேல் வருத்தப்படாதே.

அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. நிறைமாதம். படுக்கையை விட்டு எழக்கூடாது, கெட்ட சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவள் வீடு நேர் எதிர்ச்சரிவில், கூப்பிடு தூரம்தான். ஆற்று இரைச்சலில் கூப்பிட்டால்தான் கேட்காது. அதனால்தானே அவள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து, வெயில் வந்ததும் அம்மாவும் அவளும் அவரவர் வாசல் கொடியில் கம்பளியைப் போட்டு வந்தார்கள். இங்கே சிவப்பு, அங்கே நீலம். நான் நலம், நீ நலமா என்று அர்த்தம். இப்போதும் அதற்கு மட்டும் எழுந்து வருகிறாள், சொன்னால் கேட்கமாட்டாள்.

மேலே ஆட்டுக்காரர்கள், நடுவே தோட்டக்காரர்கள் நாம், கீழே ஆற்றங்கரைக் கடைக்காரர்கள். தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் அடித்துக்கொள்ளும் மூன்று ஊரும் அக்காவுக்குத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன. அம்மாவிடம் பேரத்தில் ஒருநாளும் ஜெயிக்காத உப்புக்கடைக்காரர், “எங்க ஆளுங்க மூச்சு விடமாட்டாங்க, நீங்க பொண்ணப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்காவின் கண்ணில் படாமல் தோட்டத்துப் பின்சரிவில் அடக்கம் செய்தோம்.

மறுநாள் சிவப்புக் கம்பளியை நானே போட்டேன். அம்மா நான்கு முனையும் இழுத்துவிட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் போடுவாள். என் கைவேலைதான் ஊரறிந்ததாயிற்றே. ஒரு முனை தரையில் புரண்டது. இவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். தினமும் அப்படித்தான் போட்டேன்.

நேற்று அவள் வெளியே வந்து, நீலக் கம்பளியை அம்மா மாதிரியே திருத்தமாகப் போட்டாள். வெகுநேரம் நம் வாசலையே பார்த்தாள். பிறகு அதை இழுத்துக் கலைத்து, ஒரு முனை தரையில் புரளும்படி, நான் போட்ட மாதிரியே போட்டாள். அப்படியே தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது, ராசா. கண்ணெதிரே என் பெண் அழுகிறாள். பாலம் இல்லை, கணவாய் ஏறிச் சுற்றிப் போக என் காலுக்கு வலுவில்லை; பெற்றவன் இந்தக் கரையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். இந்தப் பாவம் யாருக்கும் வரக்கூடாது.

நீ வந்தால் இங்கே வராதே. கணவாயிலிருந்து நேரே அவளிடம் இறங்கு. அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று சொல். நம்பமாட்டாள், இருந்தாலும் சொல். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் நீலக் கம்பளிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துணியையும் போடு. வெயில் முதலில் அந்தச் சரிவில்தான் விழும். நான் அதற்கு முன்பே வாசலில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

நீங்கள் இருவரும் நூறாண்டு நன்றாக இருக்கவேண்டும்.

உன் அப்பா