மேல்வீட்டுக்கு இன்னும் தொண்ணூறு

23 ஆகஸ்ட் 2011, செவ்வாய். வொர்திங், இங்கிலாந்து

இந்த விவகாரத்தைக் குழப்பிக்கொள்ளாமல் எழுதிவைக்க வேண்டும். முதலில் சுருக்கம்:

1. கட்டடமும் மனையும் கீழ்வீட்டுத் திருமதி லிட்கேட்டுடையவை. மாடி வீடு என்னுடையது, குத்தகைக் காலம் உள்ளவரை மட்டும். செப்டம்பர் 29 அன்று மிச்சம் எண்பது வருடம். அதற்குக் கீழே இறங்கினால், காலத்தை நீட்டிக்கும் விலை எகிறிவிடும். எங்கள் சேமிப்பு தாங்காது.
2. திருமதி லிட்கேட் வேண்டுமென்றே நாளைக் கடத்துகிறார்.
3. அவருடைய மருமகன் கிளைவ் என் வீட்டின்மேல் கண்வைத்திருக்கிறான்.
4. என் தரப்பில் குறையில்லை. கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டுவிட்டேன்.

எனக்கு எழுபத்தெட்டு. இது எனக்காக அல்ல. என் தங்கை மியூரியலுக்கு இந்த மாடியை விட்டால் வேறு இடமில்லை. எனக்குப் பிறகு அவள் இதை விற்கப் போனால், காலம் குறைந்த வீட்டை யார் வாங்குவார்கள்?

ஞாயிறன்று குப்பைத் தொட்டியருகே நடந்த பேச்சு, நினைவிலிருந்து:

"மிஸஸ் லிட்கேட், மாடி விஷயமா... கொஞ்சம் நீட்டிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?"

"எவ்வளவு?"

"தொண்ணூறு."

தொட்டியின் மூடி அவர் கையிலிருந்து நழுவியது. "தொண்ணூறா! இந்த வயசுல எதுக்குங்க உங்களுக்கு அவ்வளவு?"

"சட்டம் அவ்வளவு குடுக்குது."

"ஓ, சட்டம் பேசுறீங்களா? நல்லது. யோசிச்சுச் சொல்றேன்."

தெரியாதவர்போல் என்ன நடிப்பு!

26 ஆகஸ்ட்

காலை வணக்கத்துக்குப் பதில் இல்லை. ஒருவேளை காதில் விழவில்லையோ?

1 செப்டம்பர்

பின்முற்றத்தில் கிளைவ். கையில் அளவு நாடா. திருமதி லிட்கேட் தக்காளி வளர்க்கும் கண்ணாடி அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். என் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது — ஒட்டுக்கேட்கவில்லை, திறந்திருந்தது.

"தொண்ணூறு இங்க அடங்காது அத்தை. பாதிகூட வராது."

"வாத்தியாராச்சே, கணக்குப் பாக்காமலா கேட்டிருப்பாரு?"

"லத்தீன் வாத்தியார் அத்தை! செத்த பாஷைல கணக்கு ஏது?"

இருவரும் சிரித்தார்கள். பாதி என்றால் நாற்பத்தைந்து வருடம். பேரம் பேசத் தயாராகிறார்கள். ஆனால் நாடா எதற்கு? மொத்த வீட்டுக்கும் விலை போடுகிறானா?

7 செப்டம்பர்

மியூரியல் சொல்கிறாள்: "நேராப் போய்க் கேளேன் அண்ணா. அவங்க என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவாங்க?"

மூன்றாம் படிவரை இறங்கினேன். திரும்பிவிட்டேன். முழங்கால் வலி என்று அவளிடம் சொன்னேன்.

12 செப்டம்பர்

திருமதி லிட்கேட் வாசலில் வழிமறித்தார். "எனக்கு வெயில் வேணும் மிஸ்டர் பின்னக். அவ்வளவுதான் சொல்வேன்."

வெயிலா? வக்கீல்கள் பணத்துக்கு வைத்திருக்கும் குழூஉக்குறியோ? அகராதியில் தேடினேன். வெயில் வெயிலாகத்தான் இருக்கிறது. கடைசி நாள்வரை என்னைக் குழப்பியே வைப்பது என்று முடிவுபோலும்.

19 செப்டம்பர்

வக்கீல் மிஸ் ரட்ஜைப் பார்த்தேன். "மரியாதை பாத்துக்கிட்டே இருந்தா தேதி போயிடும் சார். நோட்டீஸ் அனுப்பிடலாம். சட்டப்படி அவங்க மறுக்க முடியாது, விலை மட்டும்தான் பேசலாம்."

பத்தொன்பது வருடம் ஒரே வாசற்கதவு. அந்த வீட்டுக்குள் வக்கீல் கடிதம். கையெழுத்துப் போடும்போது என் பெயரே கோணிக்கொண்டது.

22 செப்டம்பர்

அவர் மாடிக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கையில் நோட்டீஸ். மியூரியல் நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை.

"இதுல வருஷம்னு போட்டிருக்கு?"

"ஆமாம். தொண்ணூறு வருஷம்."

"குத்தகையா?"

"வேறென்ன?"

"சதுர அடி இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. அவர் என்னையே பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"அட கடவுளே! என் கண்ணாடி ரூமுக்கு மேல தொண்ணூறு சதுர அடிக்கு நீங்க அறை கட்டப் போறீங்கன்னு ஒரு மாசமா தூக்கம் இல்லைங்க எனக்கு! வெயிலே இல்லாம என் தக்காளி என்னாகும்?"

மியூரியல் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அங்கே போய்ப் பொத்திய கையை எடுத்துவிட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்டது.

"குத்தகைக் கணக்கெல்லாம் என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர்தான் பாத்தார். எனக்கு என்ன தெரியும்? வாயத் தொறந்து குத்தகைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். காது சிவந்தது.

29 செப்டம்பர்

இன்றோடு எண்பது. நோட்டீஸ் முந்திக்கொண்டது. விலையை இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் பேசி முடிப்பார்களாம்.

2 அக்டோபர், ஞாயிறு

மாடிப்படியில் ஒரு காகிதப் பை. தக்காளி. எல்லாமே காய். பழுத்ததையெல்லாம் அவர் வைத்துக்கொண்டாரோ? மியூரியல் சட்னி போடப் போகிறாள். "சட்னிக்குக் காய்தான் வேணும் அண்ணா, இதுலயும் சந்தேகமா?"

முதல் நாள் எழுதிய பட்டியலில் இரண்டாவதை அடித்துவிட்டேன்; மூன்றாவதை இன்னும் அடிக்க மனம் வரவில்லை. கிளைவ் நேற்றும் மாடியை அண்ணாந்து பார்த்தான்.

நான்காவது தவறு. 'நீட்டிக்கலாம்' என்றேன், எதை என்று சொல்லவில்லை. செயப்படுபொருள் எங்கே என்று நாற்பது வருடம் பையன்களின் வாக்கியங்களில் சிவப்பு மையால் கேட்டவன் நான்.