மிரானின் கட்டைவிரல்

தோங்யோங், தென் கொரியா,
நவம்பர் கடைசி ஞாயிறு

நாரேயின் அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் நலம். உங்கள் அண்ணன் மகள் மிரானும் நலம் என்று இந்த முறை தயங்காமல் எழுதுகிறேன். இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கவலையால் இல்லை, நம்புங்கள்.

உங்கள் கப்பல் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் கரை தொட்டதும் என் போன கடிதத்தைப் படித்திருப்பீர்கள். மிரானை இனி என்னால் வைத்துக்கொள்ள முடியாது, புசானில் உள்ள பிள்ளைகள் இல்லத்துக்குச் சம்மதம் சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தேன். அதை மறந்துவிடுங்கள். வேண்டாம் என்று நானே அவர்களிடம் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பயம் உங்களுக்குத் தெரியும். பதினைந்து வயதுப் பெண், நாரே வீறிட்டு அழுதாலும் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை நம்பிக் குழந்தையை விட்டுவிட்டுத் துணி காயப்போடக்கூட நான் மாடிக்குப் போனதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். நாங்கள் எழுந்த பிறகு சோற்றில் தண்ணீர் ஊற்றி நின்றபடியே விழுங்குவாள். கோடையில் கணுக்காலில் கொதிநீர் கொட்டியதை, சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா என்ன ஆகும், சித்தி?" என்றாள். திமிர் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

புண்ணுக்குக் கட்டுப் போட்ட டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "சின்னதுல அழுது அழுது யாருமே வரலேன்னா, பிள்ளை அழறதை விட்டுடும்மா. அப்புறம் வலியைக்கூட யார்கிட்டயும் கொண்டு வராது." மிரானின் அம்மா போன பிறகு உங்கள் அண்ணன் இவளை உள்ளே விட்டுக் கதவை வெளியே பூட்டிவிட்டுக் குடிக்கப் போய்விடுவாராமே, அந்த நாட்களை நினைத்துக்கொண்டேன். கல்லூரியில் இதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதியவள்தான் நான். படித்தது வேறு, அது நம் சமையலறையில் நின்றபடி சோறு விழுங்குவது வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். எதிர்வீட்டு ஓக்புன் அக்கா வந்து முட்டைக்கோஸுக்கு மசாலா தடவிக் கொடுத்தார். முடிந்ததும் வழக்கம்போல வேகவைத்த பன்றி இறைச்சியைப் புதுக் கிம்ச்சி இலையில் சுருட்டி ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டினார். மிரான் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டாள். "என்னடி, விஷமா வெச்சிருக்கேன்?" என்று அக்கா சிரித்தார். அவள் வாய் திறக்கவில்லை. அவள் பங்கையும் நானே தின்றேன்.

விளைவு, சாயங்காலம் செரிக்காமல் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அக்கா அஜீரணத்துக்குச் செய்யும் கைவைத்தியப்படி என் கட்டைவிரலில் நூலை இறுகச் சுற்றி, நகத்தடியில் ஊசியால் குத்திக் கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்தார். நான் அலறினேன். "பிள்ளை பெத்தவ, ஒரு ஊசிக்கு இந்தக் கூப்பாடா!" என்று திட்டிக்கொண்டே முதுகைத் தடவிவிட்டார். மிரான் வாசலில் நின்று பார்த்தாள். அவள் பார்த்தது ஊசியை அல்ல, என் முதுகில் இருந்த அக்காவின் கையை.

மறுநாள் பார்த்தால் பானையில் மீந்திருந்த இறைச்சி முழுவதும் காலி. மிரான் வேலைதான்; அவளைக் கேட்காமல் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வெளிறிப்போய் வந்தாள். வயிறு வலிக்கிறதா என்றேன். "ஒண்ணுமில்ல." எப்போதும் வரும் பதில்தான். நான் நாரேயைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நூல்கண்டையும் ஊசியையும் என் முன்னால் வைத்தாள். உட்கார்ந்து கையை நீட்டினாள். நூலைத் தானே கட்டியிருந்தாள், அதுவும் சுண்டுவிரலில். விரல் நீலம் பாரித்திருந்தது.

"சித்தி, எனக்கும் அடைச்சிருக்கு."

ஊசியை எடுக்கக் கை வேண்டும். யோசிக்காமல் நாரேயை அவள் மடியில் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அவள் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையை என்னிடம் விட்டுவிட்டாள். நூலை அவிழ்த்துக் கட்டைவிரலில் கட்டிக் குத்தினேன்.

"ஆ! வலிக்குது சித்தி! மெதுவா!"

தெருவே கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஓக்புன் அக்கா, "யாரடி கத்தறது?" என்றார். மிரான் என்றேன். "அட, அந்தப் பொண்ணுக்குத் தொண்டை இருக்கா!" என்றார். சத்தத்தில் பயந்து நாரே அழத் தொடங்கினாள். மிரான் சுவரைப் பார்க்கவில்லை. குனிந்து, "உனக்கு என்னடி? குத்து எனக்குத்தானே!" என்று அவளை அதட்டினாள். நான் முதுகைத் தடவத் தடவ நீளமாக ஒரு ஏப்பம் விட்டாள். அதற்கப்புறம் நான் சிரித்தேனா அழுதேனா, அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நேற்றும் அவள் துணி அலமாரியில் ஒளித்துவைத்த சோற்று உருண்டை இருந்தது. இன்னும் நின்றுதான் சாப்பிடுகிறாள். இருக்கட்டும், தூக்கிப் போடாமல் ஒரு மூடி போட்ட டப்பா வைத்துவிட்டேன். நேற்று அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன்.

உங்களுக்கு என்ன எழுதட்டும் என்று இன்று அவளைக் கேட்டேன். "வயிறு சரியாயிடுச்சுன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். எனக்குப் பதில் போட நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டு அவள் பெயருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

உங்கள்,
நாரேயின் அம்மா