குடையைச் சாய்த்த கை

மைனி,

இன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடக் கிணற்றடியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பப்பாளித் தண்டைச் செம்புத் தண்ணீரில் விட்டு ஊதிக்கொண்டிருந்தாள். குளுகுளுவென்று குமிழிகள் பொங்கி வர, கூட நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் போய் அந்தத் தண்டைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். "கிணத்தடியில என்ன வெளையாட்டு?" என்று ஒரு அதட்டு வேறு. பிள்ளை பேந்தப் பேந்த முழித்தாள். டீச்சருக்கு என்ன வந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உங்கள் கட்டிலோரம்தான் ஞாபகம் வரும்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். எழுதி எங்கே அனுப்ப என்று கேட்பீர்கள். உங்களுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஊரில் இல்லாத நாட்களில் நான் எழுதும் கடிதங்களைக்கூட, வந்ததும் என்னையே வாசித்துக் காட்டச் சொல்லுவீர்கள். இதையும் உங்கள் பக்கத்தில் இருந்து வாசிப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் என் அண்ணனைக் கட்டி வந்தபோது அது அம்மா இல்லாத வீடு. நான் பாவாடை கட்டிய சின்னப் பெண். பனங்காலம் வந்ததும், அண்ணன் பனையிலிருந்து இறக்கித் தரும் அக்கானியைக் காய்ச்ச நீங்கள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். குனிந்து நுழையும் ஓலைக் குடிசை. வாசலைத் தவிரப் புகைக்கு வேறு வழி கிடையாது. அக்கானி கொதித்துக் கருப்பட்டிப் பதத்துக்கு வரும்வரை ஈர மட்டையை அடுப்பில் தள்ளுவதும் குழலை எடுத்து ஊதுவதுமாக இருப்பீர்கள். நான் எட்டிப் பார்த்தால், "உள்ள வராத மக்கா, கண்ணு எரியும். போயிப் படி" என்பீர்கள். போய்ப் படித்தேன். நீங்கள் புகைக்கு உள்ளே இருந்ததால் நான் வெளியே இருந்து டீச்சரானேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி உங்கள் வீட்டிலேயே தங்கியும் விட்டேன். ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பீர்களா? இல்லை.

இருமல் முதலில் மழைக்காலத்துக்கு மட்டும் வந்தது. பிறகு போகவே இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக் கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கு வருவதற்குள் நின்று நின்று வந்தீர்கள். பிறகு குடத்தையே விட்டீர்கள். மிஷன் ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிப்போனபோது அண்ணனுக்குக் கைகால் ஓடவில்லை, சயரோகமாக இருக்குமோ என்று. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், "சயம் இல்லை" என்றார். காலமெல்லாம் குடித்த புகையில் மூச்சுக் குழல்கள் சுருங்கிக் கெட்டுவிட்டன, பழையபடி ஆக்க மருந்து இல்லை என்றும் சொன்னார். முதல் பாதியைக் கேட்டு அண்ணன் ஸ்தோத்திரம் சொன்னான். இரண்டாவது பாதி அவன் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

மருந்து இல்லாத இடத்தில் ஒரு வழி இருக்கிறது என்று சொன்னவர் அந்த நர்ஸ் சிஸ்டர்தான். மலையாளமும் தமிழும் கலந்த அவருடைய பேச்சு உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அடுப்படிக்கு இனிமேல் போகவே கூடாது என்று முதலில் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு பப்பாளித் தண்டை ஒடித்து, தண்ணீர் ஊற்றிய குப்பியில் விட்டு உங்கள் கையில் தந்தார்.

"எடுக்குற மூச்சு சிறிசு மதி, அது போதும். விடுற மூச்சு நீளமா வேணும். குமிழி நிக்காம வரணும், கேட்டோ."

நீங்கள் குப்பியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "இத்தன காலம் அடுப்புக்கு ஊதினேன். இனி எனக்கே ஊதணுமா சிஸ்டரே?" என்றீர்கள். அவர் சிரித்த சிரிப்பு வார்டு முழுக்கக் கேட்டது.

கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்தார். "கெடத்தி வைக்கக் கூடாது. கெடந்தா காலு சோரும். காலு சோந்தா மூச்சும் கூடச் சோரும். தெனமும் நடக்கணும். மூச்சு வாங்கினா நிக்கட்டும், உதட்டக் குவிச்சு ஊதட்டும், பின்னயும் நடக்கட்டும். நீங்க டீச்சரல்லவோ, நீங்க பாத்துக்கணும்." பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன். எனக்கு எல்லாம் நன்றாகவே விளங்கியது மைனி. விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அடுத்த நாளே நடக்கத் தொடங்கினீர்கள். முதலில் வீட்டு வாசலிலிருந்து பலா மரம் வரை. அந்தப் பலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று நீங்கள் ஊதியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. "ஏட்டி, அழுதா கூட்டிட்டு வரமாட்டேன்" என்று மிரட்டினீர்கள். பிறகு ரோடு. பிறகு ரோட்டில் ஓடைக்கு மேலே இருக்கும் கலுங்குப் பாலம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் என் கறுப்புக் குடையோடு வருவேன். ஒரு கையில் குடை, மறு கையில் நீங்கள். கலுங்குச் சுவரில் கையூன்றிக் குனிந்து, உதட்டைக் குவித்து, நீளமாக ஊதிவிட்டு நிமிருவீர்கள். அங்கிருந்து பார்த்தால் மேட்டில் நம் சபைக் கோயில் தெரியும். அண்ணன் அக்கானியைக் காய்ச்சாமல் அப்படியே விற்கத் தொடங்கியிருந்தான். நீங்கள் மூச்சு வாங்காமல் தலை சீவிக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தீர்கள்.

அப்போதுதான் உங்கள் மகளுக்குக் குலசேகரத்துப் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை ரப்பர் எஸ்டேட்டில் கணக்குப் பிள்ளை. கலுங்குச் சுவரில் உட்கார்ந்துகொண்டு கோயிலைக் காட்டிச் சொன்னீர்கள்: "எனக்கு வேற ஆசையில்ல மக்கா. கல்யாணத்தன்னைக்கு அவளுக்க கையப் பிடிச்சு இந்த மேடு ஏறணும். நின்னு நின்னு ஏறினாலும் போதும்." வீட்டிலிருந்து பெண்ணின் கையைப் பிடித்துத் தாய்தான் கோயில் வரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்பது நம் பக்கத்து முறை. அந்த மேடு ஒன்றும் மலை இல்லை. இன்னும் சில மாதம் நடந்திருந்தால் ஏறியிருப்பீர்கள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருநாள் சாயங்காலம் அந்த வழியே சைக்கிளில் வந்தார். நீங்கள் கலுங்கில் குனிந்து நின்று ஊதிக்கொண்டிருந்தீர்கள். தூரத்திலேயே அவரைக் கண்டுகொண்டேன். என் கை தன்பாட்டுக்கு, குடையைச் சாய்த்து உங்களை மறைத்தது. வெயில்கூட இல்லை. நீங்கள் குடைக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். சைக்கிள் கடந்து போனதும் குடையை நிமிர்த்தினேன்.

மறைத்தும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. "பெண்ணுக்க தாய்க்குச் சயமாமே" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சொன்னதை அவர்களிடம் போய் நேராகச் சொல்லியிருக்கலாம். டாக்டரிடம் ஒரு சீட்டுக்கூட எழுதி வாங்கியிருக்கலாம். படித்த எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியதெல்லாம், இருமலும் இளைப்புமாக ரோட்டில் நிற்கும் பெண்ணை நாலு பேர் பார்க்கக் கூடாது என்பதுதான். மூட்டு வாதம், அதனால் படுத்திருக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். அந்தப் பொய்யை யோசித்துச் சொன்னதும் நான்தான். வாதம் வந்தவர் எப்படி ரோட்டில் நடப்பார்? அதனால் நடையை நிறுத்தச் சொன்னேன்.

"கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, கல்யாணமும் முடியட்டும் மைனி. பொறவு எவ்வளவு வேணுமானாலும் நடக்கலாம்."

"சிஸ்டர் தெனமும்னு சொல்லிச்சே மக்கா."

"கொஞ்ச நாளுதானே?"

நீங்கள் கூரையைப் பார்த்தபடி, "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் வெடுக்கென்று ஏதாவது சொல்லி, சண்டை போட்டு, ஒருவேளை அந்தச் சண்டையிலாவது புத்தி வந்திருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்களே என்று அந்தக் குப்பியையும் தண்டையும்கூட எடுத்து ஒளித்தேன். உங்களைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன், தலைக்கு எண்ணெய் தேய்த்தேன், வெந்நீரைக் கட்டிலுக்கே கொண்டுவந்தேன். ஜெபிக்க வந்த பெண்கள் என்னைப் பார்த்து, "பெத்த மகளுகூட இப்பிடிப் பாக்கமாட்டா" என்று மூக்கில் விரல் வைத்தார்கள். எனக்கு அது இனித்தது. இனித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை மைனி. உங்கள் கால் கட்டிலில் கிடந்து சோர்ந்துகொண்டிருக்க, நான் ஊரில் நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று நீங்கள் பட்டுச் சேலை உடுத்தி எழுந்து நின்றீர்கள். கட்டிலிலிருந்து நடைவாசல் வரை வந்தீர்கள். அதற்கு மேல் கால் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தீர்கள். கூடியிருந்தவர்கள் வாதம் பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். மகள் அழத் தொடங்க, நீங்கள் அவள் கையை எடுத்து என் கையில் வைத்து, "நீ கூட்டிட்டுப் போ மக்கா. நான் இஞ்ச இருந்து மணி கேக்கேன்" என்றீர்கள். நான் கூட்டிக்கொண்டு போனேன். கலுங்கைத் தாண்டினேன், மேடு ஏறினேன். உங்கள் இடத்தில் நான் நடந்தேன். ஏறும்போது எனக்கு மூச்சே வாங்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரமே உங்களைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். பலா மரம் வரைகூடப் போக முடியவில்லை. வில்வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிஸ்டர் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் சட்டென்று மாறியது. "ஆரு நடை நிறுத்தியது?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"எனக்குத்தான் மடி, சிஸ்டரே. இவ எவ்வளவோ சொன்னா. நான் கேக்கல்ல."

உங்களைப்போல் ஒரு சோம்பேறியை உலகம் பார்த்ததே இல்லைதான். என் குடையைவிட உங்கள் வார்த்தை பெரிதாக இருந்தது. நான் அதற்குள் ஒதுங்கிக்கொண்டேன். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனி மழை தொடங்கியபோது நீங்கள் போய்விட்டீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று இருக்கிறது.

போன வருடம், நம் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சமயம், மகளைப் பார்க்கக் குலசேகரத்துக்குப் போனேன். அவளுடைய மாமியாருக்கு, நம் சம்மந்திக்கு, நாம் எவ்வளவு பயந்தோம்! அவர் முற்றத்திலிருந்து வீட்டுப் படி ஏறுவதற்குள் இரண்டு தரம் நின்றார். நெஞ்சுக்குள் விசில் கேட்டது. எனக்குத் தெரியாத சத்தமா அது? கேட்டால், கல்யாணத்துக்கு முன்பிருந்தே எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புரைக் கொட்டகையில் வேலை செய்தவராம். "சயமுன்னு சொன்னது எங்க கூட்டத்துல ஒருத்தரு. நான் அத நம்பவேயில்ல" என்றார். "எனக்க நெஞ்சும் இப்பிடித்தானே. சம்மந்தியப் பாத்து, நீங்க என்ன மருந்து தின்னுதியன்னு கேக்கணும்னு இருந்தேன். படுத்த படுக்கைன்னு சொன்னதால கேக்கல்ல."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து தோட்டத்துக்குப் போய் ஒரு பப்பாளித் தண்டை ஒடித்துக்கொண்டு வந்தேன். விடுகிற மூச்சு நீளமாக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் எஸ்டேட் ரோட்டில் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் அவர். ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் வேலை முடிந்து கூட்டமாக எதிரே வந்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. முழங்காலில் கையூன்றிக் குனிந்து ஊதத் தொடங்கினார். அப்போது என் கை, மைனி, இவ்வளவுக்கும் பிறகு, தன்பாட்டுக்குக் குடையைச் சாய்த்தது.

அவர் குனிந்தபடியே குடையைக் கையால் தள்ளினார். "எதுக்கு மறைக்கிய? பாத்துட்டுப் போட்டும்" என்றார்.

குடையை மடக்கினேன். இப்போது லீவு விட்டால் அங்கேதான் போகிறேன், ஊர் பார்க்க நடக்கிறோம். அவர் ரோட்டு வளைவு வரை எட்டிவிட்டார். நின்று ஊதும்போதெல்லாம் என் கை இன்னும் அசைகிறது. அதை மறு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.