பச்சை இலையும் படுக்கைக் கம்பியும்

மார்ச் 3, செவ்வாய்

லாரிகள் நிறுத்துமிடம். இஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நிற்கிற வண்டியில் இஞ்சின் ஓடக் கூடாதாம், புதுச் சட்டம். விசிறி இல்லை, பாட்டு இல்லை. முன்பெல்லாம் வண்டி நின்றாலும் இஞ்சின் மட்டும் மாடு அசைபோடுகிற மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் சாப்பிடுவேன், மகளோடு போன் பேசுவேன், சண்டையும் போடுவேன். இப்போது காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. பொழுது போக வேண்டுமே, அதற்காக எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை நான் பார்த்தது பெரும்பாலும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்துதான். முன்னால் போகிற லாரியின் முதுகைப் படித்துப் படித்தே எழுத்து வந்தவன். ஒருமுறை ஒரு லாரியின் முதுகில் முழுதாக ஒரு வாக்கியத்தைப் படித்து முடிக்க வேண்டும் என்பதற்காகவே திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன். வாக்கியம் என்ன? ‘இடைவெளி விட்டு வா.’

சரி, என்ன சொல்ல வந்தேன்? பெட்டி.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். ஓட்ட உட்காருகிறவர் தன் அட்டையை அதில் செருக வேண்டும். டீசலைச் சிக்கனமாக எரித்தால் கண்ணாடியில் ஒரு பச்சை இலை தெரியும். வீணாக எரித்தால் இலை பழுத்து, சிவந்து, உதிர்ந்துவிடும். வாரக் கடைசியில் ஆளுக்கு ஆள் மார்க்கு. லாரிப் புகையால் பூமி சூடாகிறதாம், ஒவ்வொரு கம்பெனியும் புகையைக் குறைத்துக் காட்டாவிட்டால் தூர ஓட்டத்துக்கு அனுமதி போய்விடும் என்று மேனேஜர் சொன்னார்.

“என் ஒரு வண்டிப் புகையிலயா உலகம் வெந்துபோகுது?” என்று கேட்டேன்.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் இவள் சொன்னாள்: “ரோட்டுல உங்க ஒரு வண்டிதான் போகுதா?”

இவள் என்றால் என் வீட்டுக்காரி. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, காலி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன் என்று என் வண்டியிலேயே ஏறிவிட்டாள். இப்போது ஒரே லாரியில் மாறி மாறி ஓட்டுகிறோம். ஒருவர் ஓட்ட, ஒருவர் சீட்டுக்குப் பின்னால் திரை போட்ட படுக்கையில் தூங்க வேண்டும். ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இதை இங்கே எழுதி வைக்கிறேன். கற்றுக்கொடுத்தவன் நான்.

மார்ச் 7, சனி

வார மார்க்கு வந்தது. இவள் எண்பத்தொன்பது. நான் ஐம்பத்திரண்டு.

பெட்டி பழுது.

மார்ச் 9, திங்கள்

பட்டறைக்காரரிடம் பெட்டியைக் காட்டினேன். கழற்றி, ஊதி, மறுபடியும் மாட்டினார். “பெட்டி நல்லா இருக்குண்ணே. உக்காருற ஆளைத்தான் கழட்டி மாட்டணும்” என்றார். சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, ஸ்பேனர் அவர் கையில் இருந்தது.

மார்க்கை எல்லாம் டீ மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்கள். டீ குடிக்காமல் இருக்க முடியுமா? முடியாது. அங்கேதான் நெட்டை நின்றான். நெட்டை எங்கள் கம்பெனியிலேயே உயரமான டிரைவர். அவனுக்கு மூளைக்கு ரத்தம் ஏற நேரமாகும், வாய்க்கு மட்டும் எப்படியோ சீக்கிரம் போய்விடும்.

“என்னண்ணே, வண்டியில அண்ணி உங்களுக்குக் கிளீனர் வேலையாவது தர்றாங்களா?”

“உன் மார்க்கு என்னடா?”

“நாப்பது. ஆனா என் பொண்டாட்டி வீட்டுல இருக்காண்ணே. அவளுக்குத் தெரியாது.”

இவளுக்கும் காதில் விழுந்தது. டீ கிளாஸை வாயில் வைத்து மறைத்துக்கொண்டு சிரித்தாள். கண் சிரித்ததே, அதை எந்தக் கிளாஸ் மறைக்கும்?

மார்ச் 12, வியாழன்

ஒரு காரியம் செய்தேன். மலைப்பாதை வந்தது. அடிவாரத்தில், “கண்ணு சொக்குது, நீ எடு” என்று ஏற்றம் முழுவதையும் இவள் தலையில் கட்டினேன். இரும்புச் சுருள் ஏற்றிய வண்டி, முக்கி முக்கித்தான் ஏறும். இலை உதிர்ந்து மொட்டை மரமாகும் என்று கணக்குப் போட்டேன். உச்சியில் எழுந்து இறக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். இறக்கத்தில் வண்டி தானாக ஓடும், யார் ஓட்டினாலும் பச்சைதானே!

ஏற்றத்துக்கு ஏற்ற மாதிரி பெட்டியே கழித்துக்கொள்ளுமாம். இவளுக்கு இலை பச்சைப் பசேல் என்று நின்றது. எனக்கு ஒவ்வொரு வளைவிலும் மிதி, பிரேக், மிதி, பிரேக். பாதி மலை இறங்குவதற்குள் இலை உதிர்ந்துவிட்டது.

இவள் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் திட்டியாவது இருப்பேன்.

மார்ச் 14, சனி

இவள் தொண்ணூற்று மூன்று. என் மார்க்கை எழுத இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

இவளிடம் ஏதோ தந்திரம் இருக்கிறது. கேட்டால் சொல்வாள். கேட்கத்தான் என்னால் முடியாது. கற்றுக்கொடுத்தவன் போய்க் கேட்பதா? அதனால் இன்றைக்குப் படுக்கையில் தூங்குவதுபோல் படுத்து, திரையின் இடுக்கு வழியாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மிதியிலிருந்து காலை எப்போது எடுக்கிறாள், கியரை எப்போது மாற்றுகிறாள், எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

பார்த்தேன். நகர எல்லை தாண்டும் வரை பார்த்தேன். அப்புறம் “எழுந்திருங்க, உங்க முறை” என்று காலைத் தட்டினாள்.

மார்ச் 18, புதன்

இன்றைக்கும் தூங்கிவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

காரமான மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு படுத்தேன். எழுந்தபோது மிட்டாய் கன்னத்தில் ஒட்டியிருந்தது. இவள் அதைப் பிய்த்து எடுத்து, “பல்லு வலியா?” என்று கேட்டாள்.

இப்படியா ஒரு மனுஷன் தூங்குவான்? சத்தியமாகச் சொல்கிறேன், இவள் ஓட்டுகிறபோது அந்தப் படுக்கையில் ஏதோ இருக்கிறது. உடம்பை யாரோ தண்ணீரில் மிதக்க விட்ட மாதிரி. எங்கே நின்றது, எங்கே கிளம்பியது, ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 25, புதன்

மேனேஜர் கூப்பிட்டார். இரண்டு பேரும் போனோம். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. இவளை உட்காரச் சொன்னார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பேட்டரி லாரி ஒன்று வந்திருக்கிறதாம். புகையே கிடையாது. துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நடுவில் ஓடும். சாயங்காலம் சார்ஜில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். படுக்கை கிடையாது, ஒரே டிரைவர். யார் அந்த டிரைவர் என்று நான் எழுத வேண்டுமா?

வெளியே அந்த வண்டியையும் பார்த்தேன். வெள்ளை. பாழாய்ப்போனது, அழகாக வேறு இருக்கிறது. கதவைத் திறந்து மூடினேன், பெட்டியில் பஞ்சு போட்டு மூடுகிற மாதிரி ஒரு சத்தம். இத்தனை வருஷம் புகையைக் குடித்தவன் நான். குடித்தவனுக்குத் தண்ணீர்கூட இல்லை, நேற்று வந்தவளுக்குப் பன்னீர்!

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார் மேனேஜர்.

“யோசிக்க என்ன இருக்கு சார்? சரிங்க” என்றாள்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவே இல்லையே!

மார்ச் 26, வியாழன்

சண்டை. பெரிய சண்டை. எழுதினால்தான் ஆறும்.

நான்தான் ஆரம்பித்தேன். “போ, போய் வெள்ளை வண்டியில ஏறு. உனக்குத்தான் உடம்பெல்லாம் இலை முளைச்சிருக்கே. பேர் வாங்கணும், அதானே? நான் பின்னாடி எவனோடயாவது சாகறேன்” என்று கத்தினேன். இஞ்சின் ஓடவில்லையா, பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் கேட்டிருப்பார்கள். இந்தச் சட்டத்தைப் போட்டவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். இஞ்சின் சத்தம் இருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

“பேரை வச்சு நான் என்னங்க பண்ணப் போறேன்?” என்றாள். குரல் உயரவே இல்லை. “எனக்குத் தூக்கம் வேணும்.”

“தூக்கமா? மாறி மாறித்தானே படுக்குறோம்? நான் தூங்கல?”

“நீங்க தூங்குறீங்க. நீங்க ஓட்டும்போது நான் எங்க தூங்கினேன்? கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். வண்டியில ஏறுன நாள்லேர்ந்து.”

“ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே.”

“சொன்னேன். மெதுவாப் போங்கன்னு சொன்னேன். ஓட்டக் கத்துக்கொடுத்தவனுக்கே சொல்றியான்னு கேட்டீங்க.”

கேட்டிருப்பேன். என் வாய்தான். எனக்குத் தெரியாதா என் வாயை.

மார்ச் 27, வெள்ளி

இவள் டீ வாங்கப் போன நேரத்தில் படுக்கையைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம், விழாமல் இருக்க ஒரு கம்பி. வண்டிக்குள் எல்லாக் கம்பிக்கும் சாம்பல் பெயிண்ட். இதற்கும் சாம்பல் பெயிண்ட்தான். ஆனால் ஒரே இடத்தில், ஒரு கை அளவுக்கு மட்டும், பெயிண்ட் போய் வெறும் இரும்பு பளபளவென்று மின்னியது. என் கையை வைத்துப் பார்த்தேன். என் கைக்குச் சிறியதாக இருந்தது.

பிடித்து இழுத்தால் அந்தக் கம்பி கிறீச்சென்று கத்துகிறது. இதே சத்தத்தை நான் ஓட்டுகிறபோதெல்லாம் கேட்டிருக்கிறேன். கேபின் பழசாகிவிட்டது என்று நினைத்து, பட்டறையில் எண்ணெய் போடக்கூடச் சொன்னேன்.

இவள் வாங்கி வந்து கொடுத்த டீ என் கையிலேயே ஆறிவிட்டது. இவள், “என்ன, பேயைப் பார்த்த மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 30, திங்கள்

இன்றைக்கு என் முறையில் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். இலையைப் பார்க்கவில்லை. கம்பியைக் கேட்டேன்.

முதல் சிக்னலில் கிறீச். தூரத்திலேயே சிவப்பைப் பார்த்தும், கிட்டே போய்ப் பிரேக் அடிக்கிற பழக்கம். அடுத்ததில் முன்னாலேயே காலை எடுத்தேன். வண்டி தானாக வேகம் குறைந்து, போய்ச் சேருவதற்குள் பச்சை விழுந்துவிட்டது. சத்தமே இல்லை. ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்து, கையை ஆட்டித் திட்டிக்கொண்டே முந்தினான். என் வாய் வரைக்கும் வந்தது. காலும் மிதி மேலே போயிற்று. பின்னால் கம்பி லேசாக முனகியது, என் கால் திரும்பி வந்துவிட்டது.

ஆனாலும் மொத்தமாகப் பல தடவை கத்தியது. இறங்கும்போது இவள் கண் சிவந்துதான் இருந்தது.

ஏப்ரல் 1, புதன்

கம்பி கொஞ்சம்தான் கத்தியது. இவள் கண் மூடியிருந்தாளா, தெரியாது. திரையை விலக்கிப் பார்க்க எனக்குக் கூச்சம்.

நெட்டை கேட்டான்: “அண்ணி போனதும் உங்க வண்டியில என்னையப் போடச் சொல்லியிருக்கேன்ணே. சம்மதமா?”

“உன் நீளத்துக்குப் படுக்கை பத்தாதுடா.”

“காலை ஜன்னல் வழியா நீட்டிக்கிறேன்.”

அவனோடுதான் போலிருக்கிறது இனிமேல்.

பொறாமை போய்விட்டதா என்று என்னையே கேட்டேன். போகவில்லை. வெள்ளை வண்டியைத் துடைக்கிற பையனைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுகிற கடைசி ஓட்டம். திங்கட்கிழமையிலிருந்து இவளுக்கு அந்த வண்டி, சாயங்காலம் வீடு, சொந்தக் கட்டில். மகளுக்குப் போன் பண்ணி இவள் சொன்னபோது, அவள், “அப்பா எப்படி இருக்கார்?” என்று கேட்டாளாம். “வயித்தெரிச்சல்ல இருக்கார், மத்தபடி நல்லா இருக்கார்” என்று இவள் பதில் சொன்னாளாம். இருக்கட்டும். பொய் இல்லையே.

காலை டீக்குப் பிறகு நான் எடுத்தேன். சமவெளி. காற்று எதிர்த்து அடித்தது. துண்டு பெட்டி மேல் அப்படியே இருந்தது. வழியில் ஒரு நாய் குறுக்கே வந்து, நடு ரோட்டில் நின்று, போவதா திரும்புவதா என்று யோசித்தது. பழைய நானாக இருந்தால் ஹாரனும் பிரேக்கும் ஒன்றாகப் போயிருக்கும். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அது யோசித்து முடிக்கிற வரைக்கும் வண்டியைச் சும்மா உருள விட்டேன். நாயும் அவசரப்படவில்லை, நானும் அவசரப்படவில்லை. பின்னால் ஒரு சத்தம் இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன். கம்பி வெகு நேரமாகவே பேசவில்லை.

மாறிக்கொள்ள வேண்டிய நிறுத்துமிடம் வந்தது. ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்தேன். எழுப்ப வேண்டும். எழுப்பவில்லை. உச்சிவெயில், வண்டி முழுக்கத் தகரச் சூடு, கதவு இரண்டையும் திறந்து வைத்தேன். சட்டப்படி இஞ்சின் ஓடக் கூடாது. நல்ல சட்டம் என்று இன்றைக்கு ஒரு நாள் சொல்லிக்கொள்கிறேன். இஞ்சின் ஓடியிருந்தால் இது கேட்டிருக்காது.

திரைக்குப் பின்னால் குறட்டை.

இவள் குறட்டை விடுவாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் எனக்கு முன்னால் இவள் தூங்கியதே கிடையாது. மெல்லிய குறட்டை ஒன்றும் இல்லை. பக்கத்து லாரிக்காரர் ஜன்னலை இறக்கி, “யாருங்க, இஞ்சினை ஓட விட்டது?” என்று எட்டிப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் குறட்டைதான் கம்பெனியிலேயே பெரியது என்று எல்லோரும் சொல்வார்கள். இல்லை. இதிலும் இவளுக்குத்தான் மார்க்கு அதிகம்.