புளிப்பு வேறு, காடி வேறு

செப்டம்பர் 11, 2018. செவ்வாய்

நான் வேலை செய்யும் பேக்கரியில் இன்று பிளம்ஸ் பழம் வைத்துச் சுட்ட பை பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. ரெமிக்காக ஒன்றை மாவுச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் கொண்டுவந்தேன். நடுவிலிருந்த பழத்தை மட்டும் கரண்டியால் வழித்துத் தின்றான். வெந்த மாவு ஓரத்தைத் தொடவில்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் இவன் ஓரத்தை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

கேட்டால் பல் உரசுகிறதாம். நாக்கின் இடது பக்கம்.

"மூணு வாரமாச்சு. தானா ஆறிடும்."

மூன்று வாரம் என்பதை இன்றைக்குத்தான் சொல்கிறான்.

செப்டம்பர் 13

காட்டச் சொன்னேன். காட்டினான். பல் உரசிய புண் அப்படி இருக்காது.

செப்டம்பர் 27, வியாழன்

பிரஸ்ஸல்ஸ் போய் வந்தோம். டாக்டர் வான்ஹோவ சின்னப் பெண், என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துப் பேசினாள், அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். புற்றுநோய்; நாக்கை முழுவதுமாக எடுக்க வேண்டும். தொடையிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள். சாப்பாடு குழாய் வழியாக, நேரே வயிற்றுக்கு. பேச்சு ஏதோ கொஞ்சம் சத்தமாக வரும், பழகியவர்களுக்குப் புரியலாம். பிழைக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. செய்யாவிட்டால் அடுத்த கோடையைப் பார்ப்பது கஷ்டம்.

ரெமி ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ருசி?"

அவள் பேனாவை மூடினாள். "இருக்காது, ஐயா."

திரும்பும்போது ஹால்லே ஊர் அருகே பீட்ரூட் லாரிகள் சிந்திய சேற்றில் வண்டி ஒருமுறை வழுக்கியது. அதற்குக்கூட ரெமி திட்டவில்லை.

செப்டம்பர் 28

மாட்டேன் என்கிறான்.

முப்பத்தொரு வருடம் பீர் ஆலை நிலவறையில் அந்த நாக்கை வைத்துத்தான் பிழைத்தான். எந்தப் பீப்பாயை எந்தப் பீப்பாயோடு கலப்பது, எது இன்னும் ஒரு வருடம் கிடக்கட்டும் என்று முதலாளியே இவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கும் இவன்தான் குடிக்கக் கற்றுக்கொடுத்தான். புளிப்பு வேறு, காடி வேறு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான். நல்ல பீரின் புளிப்பு வாயைத் திறக்கும், கெட்டுப்போய்க் காடியானது தொண்டையை மூடும்.

"நாக்க எடுத்துட்டு என்னத்தடி வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போற? ஒரு குழாயையா?"

உன்னைத்தான் என்றேன். காதில் விழாத மாதிரி செய்தித்தாளைத் திருப்பினான்.

அக்டோபர் 3

உருளைக்கிழங்கை இன்னும் மசிக்கச் சொன்னான். இதற்கு மேல் மசிக்க அதில் ஒன்றுமில்லை.

அக்டோபர் 7, ஞாயிறு

ஃபிர்மின் வந்தான், புறாப் பந்தயத்திலிருந்து நேரே, பூட்ஸைக்கூடக் கழற்றாமல். நிலவறையில் இவனோடு பீப்பாய் உருட்டியவன். இரண்டு பேரும் திட்டாமல் பேசி நான் கேட்டதில்லை.

பேச்சு அந்த இரண்டு புட்டிகளுக்குப் போனது. தொண்ணூற்றாறில் காய்ச்சி, ஒரே பீப்பாயில் மூன்று வருடம் கிடந்தது; தொண்ணூற்றொன்பதில் கொஞ்சம் இளம் பீரைச் சேர்த்து ரெமி தன் கையால் அடைத்தான். அவனுடைய மிகச் சிறந்த பீர் என்று முதலாளி அந்தப் பீப்பாயை அப்படியே அவனுக்குக் கொடுத்துவிட்டார். முன்னூறு புட்டி. ஊரில் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு என்று ஒவ்வொன்றாகப் போய், இப்போது உலகத்திலேயே இரண்டுதான் மிச்சம், எங்கள் வீட்டு நிலவறையில். போன வருடம் கோபன்ஹேகனிலிருந்து ஒருவன் வந்து, தொட்டுப் பார்க்கவாவது விடுங்கள் என்று கெஞ்சினான். ரெமி அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினான்.

"எதுக்குடா இன்னும் பூட்டி வச்சிருக்க?" என்றான் ஃபிர்மின். "உன் கல்லறையில ஊத்தவா?"

"நல்ல நாள் வரட்டும்டா."

"உனக்கு இனிமே எங்கடா நல்ல நாள்!"

சொல்லிவிட்டு ஃபிர்மினின் முகம் சிவந்துபோனது. முதலில் சிரித்தது ரெமிதான். சிரித்ததில் வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

ஃபிர்மின் போன பிறகு ரெமி என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "ஒண்ண இப்ப குடிப்போம். இன்னொண்ணு கடைசி நாளுக்கு. நடுவுல உன் சூப்பு. எனக்கு இது போதும்டி."

அவனுக்குப் போதும். எனக்கு?

அக்டோபர் 16

டாக்டர் பேக்கரிக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். முப்பதாம் தேதி ஒரு இடம் காலியாக இருக்கிறது. அதற்கு மேல் தள்ளினால் கழுத்துக்குப் போய்விடும், பிறகு அவளால் ஒன்றும் செய்ய முடியாது. "உங்க பேச்சையாவது கேப்பாரா?"

கேட்பார் என்றேன். எதை நம்பிச் சொன்னேன்?

மாலையில் அழுதேன், கெஞ்சினேன், ஒரு தட்டையும் உடைத்தேன். அவன் துடைப்பம் எடுத்து வந்து பெருக்கினான்.

அக்டோபர் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். இன்றைக்கே ஒன்றைத் திறப்போம், அடுத்த வாரம் வாய் எப்படி இருக்குமோ என்றான். ஃபிர்மினைக் கூப்பிடட்டுமா என்றேன், வேண்டாம் என்றான். நிலவறைக்குப் போய், பிரம்புக் கூடையில் புட்டியைப் படுத்தவாக்கிலேயே வைத்துப் படி படியாக ஏறி வந்தான். பத்தொன்பது வருடமாக மேலே இருந்த பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு; அது மேலேயே இருந்தது. அடியில் படிந்தது ஒரு துளியும் கலங்கவில்லை. ரொட்டியில் பாலாடைக்கட்டி தடவி, முள்ளங்கி நறுக்கி வைத்தேன். அவனால் தின்ன முடியாது என்று தெரியும். மேசை பார்க்க முறையாக இருக்கட்டும் என்றுதான்.

தக்கை மெல்லப் பெருமூச்சு விட்டு வந்தது. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, தன்னுடையதை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தான். பிறகு ஒரு வாய் குடித்தான்.

அவன் முகம் போன போக்கை எழுத முடியவில்லை. அந்தப் புளிப்பு புண்ணில் பட்டு— நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து துணியில் துப்பினான். துணியெல்லாம் சிவப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இரண்டு கையையும் மேசையில் ஊன்றி மூச்சு வாங்கினான். வலி அடங்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒன்றுமே தெரியவில்லை, நெருப்புதான் என்றான்.

பிறகு என் குவளையை என் பக்கம் நகர்த்தினான்.

"நீ குடிச்சுட்டுச் சொல்லு."

குடித்தேன்.

அப்படி ஒன்றை நான் குடித்ததில்லை. முதலில் எலுமிச்சைத் தோல், அப்புறம் பழுத்த அன்னாசி மாதிரி ஒன்று, அப்புறம் மழை நனைத்த மரம், வைக்கோல், அடியில் எங்கேயோ தேன்— இனிப்பில்லாத தேன். விழுங்கிய பிறகும் வாய் திறந்தே இருந்தது, இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதைப் போல. இதைச் செய்தவன் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காடியாயிடுச்சு, ரெமி," என்றேன்.

இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேனா? சத்தியமாக இல்லை. ஆனால் வாய் தடுமாறவில்லை.

"நிஜமாவா?"

"தொண்டைய மூடுது. தக்கை விட்டுடுச்சு போல."

எழுந்து போய்ப் புட்டியைக் கவிழ்த்துச் சிங்க்கில் ஊற்றினேன். நுரை பொங்கி எழுந்தது. சமையலறை முழுக்க அந்த வாசனை. ஜன்னலைத் திறந்தேன்.

"குளிருது, மூடு," என்றான்.

மூடினேன்.

"இன்னொண்ணையும் கொண்டா," என்றான். கொண்டுவந்தேன், கூடையில், ஆடாமல். அவனே திறந்தான். முகர்ந்தான். வாயில் வைக்கவில்லை, என்னிடம் நீட்டினான். இது முதலாவதைவிடவும் நன்றாக இருந்தது.

"இதுவும்தான்," என்றேன்.

ஊற்றினேன். கடைசிச் சொட்டு வரைக்கும். புட்டியைக் கழுவியும் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் முள்ளங்கித் துண்டுகளை வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சரி. இனிமே இந்த நாக்க வச்சு என்ன பண்றது," என்றான்.

அக்டோபர் 22

காலையில் அவனே டாக்டரைக் கூப்பிட்டான். முப்பதாம் தேதி.

எனக்குச் சந்தோஷமா? ஆமாம். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்டோபர் 30

பதினோரு மணி நேரம். உயிரோடு இருக்கிறான்.

டிசம்பர் 6, வியாழன்

அவன் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள். முன்னறையில் கட்டில், பக்கத்தில் சாப்பாடு இறங்கும் பம்பு. நர்ஸ் சபீன் காலையில் வருகிறாள். அவன் போடும் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை, அவனுக்கும் பிடிக்கவில்லை. நோட்டில்தான் எழுதுகிறான்.

இன்று புனித நிக்கோலாஸ் நாள், பேக்கரி முழுக்க இலவங்கப்பட்டை பிஸ்கட். வீட்டுக்குள் வருமுன் தோட்டத்துக் குழாயில் கையை முழங்கை வரை கழுவினேன். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். நோட்டை நீட்டினான்:

"ஏன் கழுவுற? மூக்க வெட்டலியே."

கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

ஜனவரி 13

ஃபிர்மின் காரில் கூட்டிப்போய்ப் புறாக்களைக் காட்டினான். "இப்பதான்டா உன்கூட நிம்மதியாப் பேச முடியுது, குறுக்க பேச மாட்டேங்குற!" என்றானாம். இவன் நோட்டில் கெட்ட வார்த்தையாக எழுதிக் காட்டினானாம். தோட்டத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். நாம் ஜெயித்துவிடுவோமோ?

பிப்ரவரி 19, செவ்வாய்

நுரையீரலில். இரண்டு பக்கமும். டாக்டர் வான்ஹோவ இந்தத் தடவை படத்தை மாட்டவேயில்லை.

பிப்ரவரி 20

என்ன காரியம் செஞ்சுட்டேன். ஐயோ, என்ன காரியம் செஞ்சுட்டேன். அவன் கேட்டது ரெண்டு புட்டி. புண்ணு ஒருநாள் கொஞ்சம் ஆறியிருந்தா சொட்டு சொட்டாவாவது குடிச்சிருப்பான். சூப்பு குடிச்சிருப்பான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான். இத்தனையையும் வாங்கிக்கிட்டு நான் குடுத்தது என்ன? ஒரு குழாய். அதுவும் எதுக்கு? அதே சாவுக்கு.

மார்ச் 3

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பம்பு சத்தம்.

மார்ச் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மதியம், அவன் விழித்திருந்தபோது. கட்டிலோரம் உட்கார்ந்து, "அந்த பீரு காடியாகல ரெமி. ரெண்டும் நல்லாத்தான் இருந்துது. நீ ஆப்பரேஷனுக்குச் சம்மதிக்கணும்னு பொய் சொன்னேன்," என்றேன். நான் தலையைத் தூக்கவில்லை.

நோட்டின் தாள் புரண்டது. "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"தக்கை வந்தப்பவே. முகர்ந்தேன்ல."

"அப்புறம் எதுக்கு ரெண்டாவதையும் திறந்த?"

இதற்கு நிறைய நேரம் எழுதினான். எழுத்தை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"மொத தடவ வாய் தவறிச் சொல்லிட்ட, ரெண்டாவதுல உண்மையச் சொல்லுவியான்னு பாத்தேன். அதையும் ஊத்தின. அத ஊத்துறது உனக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். நான் இருக்கிறது உனக்கு அவ்ளோ வேணும்னா, நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"என்னத் திட்டேன், ரெமி. ஏதாவது திட்டு."

"நாக்கு இல்லியே."

எழுதிவிட்டுக் கட்டில் ஆடச் சிரித்தான். மூச்சு முட்டியது, பிடித்து உட்காரவைத்தேன். முதுகில் ஒரு எலும்பு பாக்கியில்லாமல் கையில் தட்டுப்பட்டது.

அடங்கியதும் புதுத் தாளில் எழுதினான்: "எப்படி இருந்துது? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். எலுமிச்சைத் தோல், அன்னாசி என்று ஆரம்பித்ததும் தாளைத் தட்டினான். "அன்னாசி இல்ல. சீமைமாதுளை." நனைந்த மரம் என்றேன், தலையாட்டினான். தேன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டான். விழுங்கிய பிறகு என்று விரலால் கேட்டான். வாய் திறந்தே இருந்தது என்றேன்.

மன்னித்தேன் என்று அவன் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. தெரிந்தே நாக்கை அறுக்கக் கொடுத்தவனிடம் என்னவென்று கேட்பது?

மார்ச் 24

இரண்டு நாளாக நோட்டைத் தொடவில்லை. ஃபிர்மின் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறான். பூட்ஸை வெளியே கழற்றி வைக்கிறான் இப்போது.

ஏப்ரல் 26, வெள்ளி

கட்டிலையும் பம்பையும் திருப்பி எடுத்துப்போக ஒரு பெண் வந்தாள், வேனோடு. இன்னும் இரண்டு பெட்டி திரவ உணவு பிரிக்காமல் இருக்கிறதே என்றேன். "நாங்க திரும்ப வாங்க மாட்டோம்மா, தூக்கிப் போட்டுடுங்க," என்றாள். பம்பின் ஒயரைச் சுற்றி ரப்பர் போட்டாள். கட்டில் கால் பதிந்த நான்கு குழிகள் மரத்தரையில் இருக்கின்றன. மெழுகு போட்டால் போய்விடும் என்று அவளாகவே சொன்னாள்.

கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டினாள். பெயர், தேதி, நோயாளிக்கு என்ன உறவு. மனைவி என்று எழுதினேன். அவள் படித்துப் பார்த்தாள். மடித்து வைத்துக்கொண்டாள்.